குறிஞ்சி பூக்காத வருஷங்கள்ல என்ன பண்ணுது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நீலக்குறிஞ்சி பத்தி ஒரு சின்ன பெட்டிச் செய்தி போட்டிருந்தோம், மூணாறு பக்கம் அடுத்த பெரிய பூப்பு 2030லன்னு ரெண்டே வரிதான். அதுக்கு வந்த கடிதங்கள பார்த்ததும் இந்த தடவை முழுப்பக்கமும் குறிஞ்சிக்கே குடுத்துடலாம்னு தோணுச்சு. ஒரே மாதிரி இருந்த கேள்விங்கள ஒண்ணா சேர்த்திருக்கேன்.

கே: 2030னு நீங்க எழுதுறீங்க, ஆனா எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வருஷா வருஷம் "குறிஞ்சி பூத்துடுச்சு, உடனே கிளம்புங்க"ன்னு வீடியோ வருது. எதை நம்புறது சார்?
– வாசகி, கோயம்புத்தூர்

ரெண்டுமே உண்மையா இருக்க வாய்ப்பு இருக்கும்மா. மூணாறு, கொடைக்கானல் பக்கம் பூத்த வருஷங்களுக்கு 1838லேர்ந்து கணக்கு இருக்கு, அதுலேர்ந்து பன்னண்டு பன்னண்டா கூட்டிக்கிட்டே வாங்க, 1982, 1994, 2006, 2018னு பிசகாம வந்து நிக்கும், அடுத்தது 2030. பெருசா பூக்குறது அந்த கூட்டம்தான், பேப்பர்லயும் டிவிலயும் வர்றது அதுதான். ஆனா இந்த மலைத்தொடர்ல இருக்குற எல்லா குறிஞ்சியும் ஒரே வருஷத்துல முளைச்சது கிடையாது. ஒரு சரிவுல இருக்குற கூட்டத்துக்கு ஒரு வருஷம், நாலு மலை தள்ளி இருக்குற கூட்டத்துக்கு வேற வருஷம், ஆனா எல்லாத்துக்கும் நடுவுல இடைவெளி மட்டும் அதே பன்னண்டு. 2022 அக்டோபர்ல இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை பக்கத்துல கள்ளிப்பாறை மலை முழுக்க பூத்து, ஆயிரக்கணக்குல ஜனம் போய் ரோடே அடைச்சுக்கிச்சு, அதுவும் அசல் நீலக்குறிஞ்சிதான்.

அப்புறம் குறிஞ்சியோட ஒண்ணுவிட்ட சொந்தங்கள் நிறைய இருக்கு. மும்பை பக்கத்து மலைங்கள்ல கார்வின்னு ஒண்ணு, அதுக்கு எட்டு வருஷக் கணக்கு, 2016ல பூத்துச்சு, 2024ல பூத்துச்சு. குடகுப் பக்கம் வேற வகைங்க. இதையெல்லாம் வீடியோ எடுக்குறவங்க "குறிஞ்சி"ன்னே போட்டுடறாங்க, அது கூட பரவால்ல, வெளிநாட்டு லாவெண்டர் தோட்டத்து போட்டோவ போட்டு மூணாறுன்னு சொல்றதும் நடக்குது. வீடியோ வந்தா ரெண்டு விஷயம் கேளுங்க: எந்த மலை, எந்த மாசம். ஆகஸ்ட்லேர்ந்து அக்டோபர் வரைக்கும்தான் குறிஞ்சிக்கு சீசன், மழையோட முன்னபின்ன ஆகும். ஏப்ரல்ல வர்ற வீடியோன்னா யோசிக்கவே வேணாம், பழசுதான்.

கே: நர்சரில "குறிஞ்சி நாத்து"ன்னு சொல்லி 150 ரூபாய்க்கு ஒரு செடி குடுத்தாங்க. இலை ஊதா கலர்ல மினுமினுன்னு இருக்கு. மாடில நல்லா வளருது, ஆனா பூ ஒண்ணும் காணோம். பன்னண்டு வருஷம் காத்திருக்கணுமா?
– வாசகி, தஞ்சாவூர்

காத்திருக்க வேணாம்மா, அது குறிஞ்சி இல்ல. ஊதா இலைன்னு சொல்றத வெச்சு பார்த்தா அது பெர்ஷியன் ஷீல்டா இருக்கணும், இல்லன்னா முறிகூட்டியா இருக்கணும். ரெண்டுமே குறிஞ்சியோட பேரினத்துலதான் வருது, அந்த ஒரு உறவ வெச்சு வித்திருப்பாங்க. அழகுச்செடிதான், தாராளமா வளருங்க.

அசல் நீலக்குறிஞ்சிக்கு இலை பச்சை, கொஞ்சம் தடிப்பு, விளிம்பு பல்லு பல்லா இருக்கும், நரம்பெல்லாம் ஆழமா கோடு போட்ட மாதிரி தெரியும். தண்டு கருத்துப்போய் இருக்கும். பாறைச் சரிவுல சாதாரணமா முழங்கால் உயரம்தான், மண்ணும் ஈரமும் நல்லா கிடைச்ச இடத்துல ஆள் உயரத்துக்கே கூட போகும். கடல் மட்டத்துலேர்ந்து 1300 மீட்டருக்கு மேல, 2400 மீட்டர் வரைக்கும் உள்ள குளிர்லயும் காத்துலயும்தான் அதுக்கு வாழ்க்கை. தஞ்சாவூர் மாடி வெயில்ல அது நிக்காது.

இன்னொரு விஷயம், இது முக்கியம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட மூணாவது அட்டவணைல நீலக்குறிஞ்சிய இப்போ சேர்த்தாச்சு. புடுங்கினாலோ அழிச்சாலோ அபராதமும் 3 வருஷம் வரைக்கும் ஜெயிலும் உண்டுன்னு சொல்றாங்க, வளர்க்குறதும் வெச்சிருக்குறதும் கூட கூடாது. அதனால யாராவது நெஜமாவே காட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்து வித்தாலும் தயவுசெஞ்சு வாங்காதீங்க.

கே: நான் பதினொண்ணாவது படிக்கிறேன். குறிஞ்சி ஏன் பன்னண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் பூக்குது? எல்லாச் செடியும் எப்படி ஒரே நேரத்துல பூக்குது? பயாலஜி மிஸ் கிட்ட கேட்டேன், மூங்கில் மாதிரின்னு சொன்னாங்க.
– மாணவர், தேனி

மிஸ் சொன்னது கரெக்ட் தம்பி, மூங்கிலும் இதே ஜாதிதான். வாழ்க்கைல ஒரே ஒரு தடவை பூத்து, விதை போட்டு, செத்துடும். "பன்னண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும்"னு நாம பேச்சுல சொல்றோம்ல, அதுல ஒரு சின்ன குழப்பம் இருக்கு, ஒரே செடி திரும்பத் திரும்ப பூக்குதுன்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்ல. 2006ல பூத்த செடி அதுக்கப்புறம் உயிரோட இல்ல, 2018ல பூத்தது அதோட பிள்ளைங்க, 2030ல பூக்கப்போறது பேரப்பிள்ளைங்க. இது புரிஞ்சா உன் ரெண்டாவது கேள்விக்கு பாதி பதில் வந்துடும், ஒரே சீசன்ல எல்லாம் விதை போட்டுச்சு, ஒரே மழைல எல்லாம் முளைச்சுச்சு, ஒரே வயசுல எல்லாம் பூக்குது. சரிவு முழுக்க ஒரே வயசுக்காரங்க.

ஏன் இப்படி பண்ணுதுங்கறதுக்கு விஞ்ஞானிங்க முக்கியமா சொல்ற காரணம், விதையத் தின்ன வர்றவங்க. எலி, பறவை, பூச்சி, எல்லாத்துக்கும் விதை சாப்பாடு. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா விதை போட்டா மொத்தத்தையும் தின்னுட்டு போயிடும், அடுத்த தலைமுறையே வராது. பதினோரு வருஷம் ஒண்ணுமே குடுக்காம இருந்துட்டு பன்னண்டாவது வருஷம் மலையே கொள்ளாத அளவுக்கு ஒரே நேரத்துல கொட்டுனா? கல்யாண வீட்டுல ஊரையே கூட்டி உக்கார வெச்சு பந்தி போட்டாலும் அண்டால சோறு மிஞ்சுமே, அந்த மிச்சம்தான் அடுத்த பன்னண்டு வருஷத்துக்கான காடு. தின்ன வந்த எலி பெருகுறதுக்கும் நேரம் கிடையாது, ஏன்னா அடுத்த வருஷம் சாப்பாடு இல்ல. தேனீங்களுக்கும் இது வசதி, லட்சக்கணக்குல பூ ஒண்ணா இருக்கும்போது அதுங்க வேற பூவ தேடிப் போகாம இதுலயே சுத்தும், மகரந்தம் ஒரு குறிஞ்சிலேர்ந்து இன்னொரு குறிஞ்சிக்கே போகும்.

இதுல ஆபத்தும் இருக்கு, அதையும் நீ எழுதி வெச்சுக்கோ. அந்த ஒரே ஒரு பூக்குற சீசன்ல தீ வெச்சுட்டாலோ, விதை விழுந்ததும் அந்த சரிவ உழுதுட்டாலோ, அந்த இடத்துல குறிஞ்சிக்கு ரெண்டாவது சான்ஸே கிடையாது. வருஷா வருஷம் பூக்குற செடிக்கு ஒரு வருஷம் போனா ஒரு வருஷம்தான் நஷ்டம். இதுக்கு வம்சமே போச்சு.

ஒரு வேலை சொல்றேன் செய். உங்க வீட்டுல இல்ல பக்கத்து வீட்டுல கனகாம்பரம் இருக்கும். அதுவும் குறிஞ்சியும் ஒரே குடும்பம், ஆடாதோடையும் நிலவேம்பும் கூட அந்த குடும்பம்தான். கனகாம்பரத்தோட காய்ஞ்ச காய் நாலஞ்சு எடுத்து உள்ளங்கைல வெச்சு தண்ணி தெளி, கொஞ்ச நேரத்துல பட் பட்னு வெடிச்சு விதை தெறிக்கும். ரோட்டோரத்துல இருக்குற பட்டாசுக்காயும் இதேதான், எச்சில் தொட்டு வெடிக்க விடுவோமே. வெடிச்ச காயோட ஒரு பாதிய எடுத்து கிட்டத்துல பாரு, விதை உக்காந்திருந்த இடத்துல சின்னதா ஒரு கொக்கி நீட்டிக்கிட்டு இருக்கும், விதைய தூக்கி எறிஞ்சது அதுதான். குறிஞ்சிக் காய்க்குள்ளயும் அதே கொக்கிதான், ஒரு காய்க்கு நாலு விதை வரைக்கும் இருக்கும்.

கே: குறிஞ்சிப் பூவ தலைல வெச்சுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

கபிலர் பாடுன குறிஞ்சிப்பாட்டுல தலைவியும் தோழியும் பறிச்ச 99 பூவுல குறிஞ்சியும் ஒண்ணு. இன்னிக்கு பறிச்சா கேஸ். மலைலயே இருக்கட்டும்மா.

கே: ஆன்லைன்ல "சுத்தமான குறிஞ்சித் தேன்"னு வருஷம் முழுக்க விக்கிறாங்க, கிலோ ரெண்டாயிரத்துக்கு மேல. சர்க்கரை நோய்க்கு நல்லதுன்னும் போட்டிருக்காங்க. வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

குறிஞ்சித் தேன்னு ஒண்ணு நெஜமாவே இருக்கு, அதுல சந்தேகமே வேணாம். குறுந்தொகைல தேவகுலத்தார் பாடுன மூணாவது பாட்டு, பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சதுதான், "சாரல் கருங்கோற் குறிஞ்சிப்பூக் கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே"ன்னு முடியும். காதலோட அளவ சொல்ல வந்த பாட்டுதான், ஆனா செடி தெரிஞ்ச யாராவது படிச்சா அசந்துடுவாங்க, அத்தனை துல்லியம். மலைச்சாரல்ல இருக்கும், தண்டு கருப்பா இருக்கும், அதுலேர்ந்து தேன் ஏராளமா சேரும், மூணும் அந்த சின்னப் பாட்டுக்குள்ளயே. குறிஞ்சிய நேர்ல நின்னு பார்த்த ஆளாலதான் தண்டோட கருப்ப சொல்ல முடியும், தூரத்துலேர்ந்து பார்க்குறவங்களுக்கு நீலம் மட்டும்தான் தெரியும்.

நெஜத்துலயும் அப்படித்தான் நடக்குது. பூக்குற வருஷத்துல பாறையில தொங்குற மலைத்தேனீயும் பொந்துல கட்டுற அடுக்குத்தேனீயும் காலைலேர்ந்து இதே வேலையா இருக்கும், அந்த சீசன்ல மலைல எடுக்குற தேன்ல பெரும்பங்கு குறிஞ்சிதான். ஆனா நீங்களே கணக்கு போடுங்க, பன்னண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் ரெண்டு மூணு மாசம் பூக்குற பூவோட தேன் எப்படிங்க வருஷம் முழுக்க ஸ்டாக்ல இருக்கும்? நடுவுல மத்த குறிஞ்சி வகைங்க பூக்குறப்போ கொஞ்சம் கிடைக்கலாம். மத்தபடி அது சாதாரண மலைத்தேன், லேபிள் மட்டும் குறிஞ்சி. விக்கிறவங்ககிட்ட எந்த மலை, எந்த வருஷம் எடுத்ததுன்னு கேளுங்க, பதில் வரலன்னா விட்டுடுங்க.

சர்க்கரை விஷயம்: எந்த பூவோட தேனா இருந்தாலும் அதுல பெரும்பகுதி சர்க்கரைதான். டாக்டர் சொன்ன சாப்பாட்டு அளவ ஒரு லேபிள நம்பி மாத்தாதீங்க.

கே: எங்கட நாட்டிலயும் ஹோர்ட்டன் சமவெளியில நெலு எண்டு ஒரு பூ பன்னிரண்டு வருசத்துக்கு ஒருக்கா பூக்குது. அதுவும் உங்கட குறிஞ்சியும் ஒண்டா?
– வாசகர், நுவரெலியா

நெருங்கின சொந்தம், ஆனா அதே செடி இல்ல. நெலுங்கறது ஒரே செடியோட பேரும் இல்ல, இலங்கை மலைக்காட்டுல இருக்குற பல வகைங்களுக்கு பொதுப்பேர். குறிஞ்சி திறந்த புல்வெளிச் சரிவுல வெயில் பார்த்து நிக்கும், உங்க நெலு பெரும்பாலும் காட்டு மரங்களுக்கு அடில நிழல்ல அடர்த்தியா வளரும். 2013ல ஹோர்ட்டன் சமவெளில பூத்தது ரொம்ப பேசப்பட்டுச்சு.

மேல தேனி தம்பிக்கு விதையத் தின்ன வர்ற எலி பத்தி சொன்னேனே, அதுக்கு நல்ல சாட்சியே உங்க ஊர்ல இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல கண்டி மலைநாடு முழுக்க காபித் தோட்டமா இருந்தப்போ, சில வருஷம் எலிங்க கூட்டம் கூட்டமா காட்டுலேர்ந்து இறங்கி காபிச்செடியோட மொட்டையும் இளங்கொம்பையும் கடிச்சுப் போட்டுடுமாம். காட்டுல நெலு விதை போட்ட வருஷம் தின்னு பெருகுன எலிங்கதான், விதை தீர்ந்ததும் சாப்பாட்டுக்கு தோட்டத்துக்கு வருதுன்னு அப்பவே ஆங்கிலேயர்கள் எழுதி வெச்சாங்க, காபி எலின்னே அதுக்கு பேர் ஆச்சு. ஒரு செடி பூக்குற கணக்கு எங்கயோ இருக்குற தோட்டத்தோட வரவு செலவுல வந்து நிக்குது பாருங்க, எனக்கு இத படிச்சப்போ ரொம்ப நேரம் மனசு அதுலயே இருந்துச்சு.

உங்களுக்கும் கொடைக்கானல் குறிஞ்சிக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கு, அடுத்த பதில பாருங்க.

கே: எனக்கு 66 வயசு, வீட்டுக்காரருக்கு 70. 2018ல வெள்ளம்னு சொல்லி போகாம விட்டுட்டோம். 2030ல முட்டி எப்படி இருக்குமோ தெரியல. ஏறாம பார்க்குற மாதிரி இடம் இருக்கா?
– வாசகி, மதுரை

இருக்கும்மா, கண்டிப்பா பார்க்கலாம். 2018 ஆகஸ்ட்ல கேரளா வெள்ளத்துல மூணாறு ரோடெல்லாம் துண்டாகி, அந்த வருஷம் நிறைய பேருக்கு அப்படித்தான் ஆச்சு, பூ மட்டும் தன் வேலைய பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

உங்களுக்கு நான் மொதல்ல சொல்றது கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயில். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து சுமார் 3 கிலோமீட்டர், வண்டி கோயில் கிட்டவே போகும், முருகன்தான் இங்க குறிஞ்சி ஆண்டவர். 1936ல கட்டுனது, கட்டுனவங்க இலங்கையோட பெரிய தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனோட மனைவி லீலாவதி அம்மையார், பிறப்பால வெள்ளைக்காரங்க, சைவத்துக்கு வந்தவங்க. இப்போ பழனி தண்டாயுதபாணி கோயில் நிர்வாகத்துல இருக்கு. வானம் தெளிவா இருந்தா அங்கேர்ந்து ஒரு பக்கம் பழனி, இன்னொரு பக்கம் வைகை அணை தெரியும். பூக்குற வருஷத்துல அந்த வட்டாரத்துல குறிஞ்சி பார்க்கலாம், ஏற வேண்டிய வேலை இல்ல.

மூணாறு பக்கம் போறதா இருந்தா இரவிகுளம் தேசியப் பூங்கா, ராஜமலை. வனத்துறை பஸ்ஸே மேல கொண்டு போய் விட்டுடும், அதுக்கப்புறம் தார் ரோட்டுல மெதுவா நடக்கலாம், வரையாடு பக்கத்துலயே மேஞ்சுக்கிட்டு இருக்கும். பூ வருஷத்துல டிக்கெட்டுக்கு அடிதடி, அதனால மொதல்லயே புக் பண்ணிடுங்க, சனி ஞாயிறு வேணவே வேணாம். மூடுபனி காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் காட்டாம போறதும் உண்டு, ரெண்டு நாள் கைல வெச்சுக்கிட்டு போங்க. சும்மாவே வரையாடு குட்டி போடுற சமயம் பிப்ரவரி, மார்ச்ல பூங்காவ மூடிடுவாங்க, குறிஞ்சி சீசனுக்கு அது தடையில்ல.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமாம்மா, 2030 வரைக்கும் காத்திருக்காதீங்க. முட்டி நல்லா இருக்குற இப்பவே ஒரு தடவ போய் பூ இல்லாத குறிஞ்சிய பாருங்க. ராஜமலைல ரோட்டோரத்துலயே பாறை இடுக்குல கருந்தண்டும் பச்சை இலையுமா புதர் புதரா நிக்கும், பக்கத்துல போறவங்க யாரும் திரும்பிக்கூட பார்க்காம வரையாட்ட போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பாங்க. நீங்க அங்க நின்னு ஒரு நிமிஷம் பாருங்க, அப்புறம் பூவோட பார்க்கும்போது அது உங்களுக்கு தெரிஞ்ச செடியா இருக்கும்.

கே: ஏற்காட்டுல குறிஞ்சி இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். மேற்குத் தொடர்ச்சி மலைல மட்டும்தானே இருக்கு?
– வாசகர், சேலம்

அவர் சொன்னது சரி. 2024ல சர்வதேச அளவுல செடிகொடிங்களோட நிலைமைய கணக்கெடுக்குற ஐயுசிஎன் சிவப்புப் பட்டியல்ல நீலக்குறிஞ்சிய முதல் தடவையா மதிப்பிட்டு, அழியற ஆபத்து இருக்குற வகைன்னு சேர்த்தாங்க. அந்த மதிப்பீட்டுல மொத்தம் 34 கூட்டம்னு கணக்கு, 33 மேற்குத் தொடர்ச்சி மலைல, ஒண்ணே ஒண்ணு கிழக்குத் தொடர்ச்சி மலைல, அது உங்க ஏற்காடு. சேலத்துக்காரங்க ரொம்ப பத்திரமா பார்த்துக்க வேண்டிய சொத்து அது.

கே: நாங்க வட்டவடைல பூண்டும் உருளைக்கிழங்கும் போடுற குடும்பம். குறிஞ்சிக்காகன்னு சொல்லி சரணாலயம் அறிவிச்சு, எங்க பட்டா நிலத்துக்கு இன்னும் நிம்மதி இல்ல. ஒரு பூவுக்காக மனுஷன் விவசாயத்த விடணுமா? நேரா பதில் சொல்லுங்க.
– வாசகர், இடுக்கி மாவட்டம்

நேராவே சொல்றேன். விட வேணாம்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை: 2006 பூப்பு சமயத்துல கேரள அரசு கொட்டக்கம்பூர், வட்டவடை பகுதில சுமார் 32 சதுர கிலோமீட்டர குறிஞ்சிமலை சரணாலயமா அறிவிச்சுது. உள்ள யாரோட பட்டா செல்லும், யாரோடது செல்லாதுங்கற தகராறு பல வருஷமா இழுத்துச்சு. அதுல நெஜ விவசாயியும் மாட்டுனார், பேருக்கு நிலம் வாங்கிப் போட்டவங்களும் உள்ள இருந்தாங்க. ரெண்டு பேரையும் ஒரே தராசுல வெச்சதுதான் இந்த கோபத்துக்கெல்லாம் காரணம்னு நான் நினைக்கிறேன். தலைமுறையா பாத்தி கட்டி பூண்டு போடுற குடும்பத்துக்கு மொதல்ல காகிதத்த சரி பண்ணி குடுத்துட்டு அப்புறம்தான் எல்லை போடணும்.

ஆனா ஐயா, உங்க ஊர்ல குறிஞ்சிச் சரிவ அதிகமா தின்னது பூண்டுப் பாத்தி இல்ல, கிராண்டிஸ்ங்கற யூகலிப்டஸ் மரம்னு உங்களுக்கே தெரியும். அந்த மரத்தடில புல்லும் வளராது குறிஞ்சியும் வளராது, ஊத்துத் தண்ணி குறைஞ்சுச்சுன்னு மொதல்ல சொல்றதும் உங்க ஊர் ஜனங்கதான். உங்க மலைல விழுற மழைதான் பாம்பாறா போய் அமராவதி அணைக்கு வருது, உடுமலையும் தாராபுரமும் கரூரும் அந்த தண்ணிய நம்பித்தான் இருக்கு. பஞ்சு மாதிரி அந்த மழைய புடிச்சு வெச்சு வெயில் காலம் வரைக்கும் கசிய விடுறது புல்வெளியும் சோலையும்தான், குறிஞ்சி நிக்கிற இடம்னா அந்த புல்வெளி இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். அதனால கிராண்டிஸ எடுத்துட்டு புல்வெளிய திரும்ப வர வைக்கிற வேலைக்கு உங்க ஊர்க்காரங்களுக்கே கூலியும் பொறுப்பும் குடுக்கணும், வெளியூர்ல உக்காந்து அறிக்கை விடுறத விட அது நடக்கும். இத தமிழ்நாட்டு பக்கம் தண்ணி வாங்குற நாங்களும் சேர்ந்து கேக்கணும், இதுவரைக்கும் கேக்கலங்கறது எனக்கு வருத்தம்தான்.

கே: மலைவாழ் மக்கள் குறிஞ்சிய வெச்சு வயசு சொல்வாங்கங்கறது நெஜமா?
– வாசகர், பெரியகுளம்

ஆமாங்க. பளியர் மக்கள் பத்தி அப்படி பதிவு இருக்கு, முதுவர் பத்தியும் சொல்வாங்க, எத்தனை குறிஞ்சி பார்த்தார்ங்கறதுதான் கணக்கு. அஞ்சு குறிஞ்சின்னா ஏறக்குறைய அறுபது வயசு ஆளு.

கே: எங்க நிலத்துக்கு மேல பாறைச் சரிவுல போன சீசன்ல குறிஞ்சி நல்லா பூத்துச்சு. இப்போ எல்லாம் காய்ஞ்சு கருவாடா குச்சி குச்சியா நிக்குது. தீ புடிச்சா ஆபத்துன்னு வெட்டி எரிச்சுடலாம்னு பக்கத்து தோட்டக்காரங்க சொல்றாங்க. பூத்து முடிஞ்சதுதானே, வெட்டலாமா?
– வாசகர், கோத்தகிரி

வெட்டாதீங்க, எரிக்கவே எரிக்காதீங்க, இந்த கடிதம் கிடைச்சதும் அவங்களுக்கும் சொல்லிடுங்க. இந்த பக்கத்துல வந்த கேள்வியிலேயே அவசரமான கேள்வி உங்களோடதுதான்.

பூ உதிர்ந்ததும் எல்லாரும் கீழ இறங்கிடறாங்க, ஆனா குறிஞ்சியோட பெரிய வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. பூ இருந்த கதிர்லயே காய் கட்டி, மாசக்கணக்கா முத்தி, செடி காய்ஞ்சுக்கிட்டே வரும்போது அந்தக் காயும் உலர்ந்துடும், அப்புறம் வெடிச்சு விதை தெறிக்கும். ஒரு காய்ஞ்ச குச்சிய உடைக்காம அப்படியே குனிஞ்சு பாருங்க, கதிர்ல ரெண்டா பொளந்த காயும் இருக்கும், இன்னும் மூடி இருக்குற காயும் இருக்கும். மூடி இருக்குறதுக்குள்ள விதை இருக்கு. அத எரிச்சா பன்னண்டு வருஷ சேமிப்ப எரிச்ச மாதிரிதான்.

விதை விழுந்தாச்சுன்னே வெச்சுக்குவோம், அப்பவும் அந்த குச்சி தேவை. உங்க சரிவுல பாறை மேல மண்ணு எவ்ளோ இருக்குன்னு ஒரு கம்பிய குத்தி பாருங்க, பல இடத்துல விரல் அளவுதான் இருக்கும். அந்த மண்ண புடிச்சு நிக்கிறது செத்த செடியோட வேர்தான், அது மக்குறதுக்குள்ள புதுக்கன்னு வேர் விடணும். மழை இறங்குனதும் பழைய தூருக்கு நடுவுல நெருக்கமா சின்னச் சின்ன நாத்து முளைக்கும், புல்லுன்னு நினைச்சு மிதிச்சுட்டு போற அளவுக்குத்தான் இருக்கும். காய்ஞ்ச குச்சிங்க அதுங்களுக்கு வெயில்லயும் உறைபனிலயும் கொஞ்சம் மறைப்பு. டிசம்பர், ஜனவரில உங்க ஊர்ல விழுற பனிக்கு திறந்த வெளில நிக்கிற இளங்கன்னு கருகிடும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, உருளைக்கிழங்குல பார்த்திருப்பீங்க.

தீ பயம் நியாயமானதுதான். அதுக்கு செடிய எரிக்க வேணாம், உங்க நிலத்து எல்லையோரமா மட்டும் புல்லும் சருகும் நீக்கி ஒரு தீத்தடுப்புக் கோடு போடுங்க, குறிஞ்சி நிக்கிற சரிவுக்குள்ள போகாம. அந்த சரிவு உங்க பட்டாவுக்கு வெளில இருந்தா ரேஞ்சர் ஆபீஸ்ல ஒரு கடிதம் குடுத்து அவங்களையே கோடு போடச் சொல்லுங்க. ஆடு மாடு ரெண்டு மூணு மழைக்காலம் வரைக்கும் அந்த பக்கம் போகாம பார்த்துக்கோங்க.

உங்க நிலத்துப் பக்கம் செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. குறிஞ்சி செத்து இடம் காலியாகுற இந்த நேரத்துலதான் சீகை மரத்தோட (வாட்டில்னு சொல்ற வெளிநாட்டு மரம், சீகைக்காய் இல்ல) கன்னு உள்ள பூந்துடும், அதோட விதை வருஷக்கணக்கா மண்ணுக்குள்ள காத்துக்கிட்டு இருக்கும், தீ வெச்சா இன்னும் வேகமா முளைக்கும். உங்க எல்லைக்குள்ள முளைக்கிற சீகைக் கன்ன விரல் தடிமன் ஆகுறதுக்கு முன்னாடியே, மண்ணு ஈரமா இருக்குறப்போ, கையால வேரோட இழுத்துடுங்க. வெட்டி விட்டா அடிலேர்ந்து நாலா தழைச்சு வரும். புடுங்குன குழிய காலால மெதுவா அமுக்கி மூடிடுங்க, பக்கத்துல இருக்குற குறிஞ்சி நாத்து சாயாம.